குழவி கட்டிய வண்டி

இப்போதெல்லாம் ஒரு சாமானை விற்கிறவன் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. போனைப் பார்த்துக்கொண்டே பேரம் பேசுகிறான். ஓடுமா என்று கேட்டால் "நல்லா ஓடும்" என்கிறான். எங்கே ஓடும், யாரை ஏற்றிக்கொண்டு ஓடும் என்று சொல்வதில்லை. அதையெல்லாம் வாங்கினவன் ஏரிக்கரை மேட்டில் நின்றுதான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அமாவாசை அந்த மேட்டில்தான் நின்றுகொண்டிருந்தார். வயது அறுபத்தொன்பது. இரண்டு கால்களுக்கும் நடுவில் ஒரு சிவப்பு மோட்டார் சைக்கிள் கொசு மாதிரி கத்திக்கொண்டிருந்தது. மோட்டார் சைக்கிள் என்றால் முழங்கால் உயரம். பக்கத்தில் ஒரு நாய் வந்து நின்றால் நாய்தான் பெரிசாகத் தெரியும்.

பாக்கெட் பைக் என்று அதற்குப் பெயர். லெப்பைக்குடிகாட்டு அப்துல் நாசர் துபாயில் இருந்தபோது மகன் அத்னானுக்காக வாங்கி வந்தது. அத்னான் வளர்ந்து திருச்சியில் காலேஜுக்குப் போய்விட்டான். வண்டி வளரவில்லை. இரண்டு மூட்டை சின்ன வெங்காயத்துக்கு அது அமாவாசையிடம் வந்து சேர்ந்தது.

ஆக்சிலேட்டரை முழுசாகத் திருகினார். வண்டி பின்னால் போனது.

கீழே, அடுத்த காட்டுக்காரர் வேம்பு பசுவைக் கட்டிக்கொண்டிருந்தார். இருவருக்கும் நாலு வருஷமாகப் பேச்சு கிடையாது. அதனால் வேம்பு பசுவிடம் சொன்னார்:

"பாத்தியாடி. உனக்கு வயசு பன்னெண்டு. நீ மேடு ஏறிடுவ."

அமாவாசை வண்டியிடம் பதில் சொன்னார்: "அடுத்தவன் பொருளைத் தின்னவனுக்கெல்லாம் வாய் நீளுது பாரு."

சொல்லிவிட்டு வண்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு நொண்டி நொண்டி மேடு ஏறினார்.

விளையாட்டுக்கு வாங்கின வண்டி இல்லை அது. முட்டி தேய்ந்துவிட்டது. காட்டுக்கு நடக்க முடியவில்லை. மற்ற வண்டி என்றால் காலைத் தூக்கிப் போட முடியாது. இதில் தூக்க வேண்டிய அவசியமே இல்லை, உட்கார்ந்தால் போதும். அரியலூரில் இருக்கிற மகள் அனுசுயாவும் மாப்பிள்ளை தர்மராஜும் வேறு கணக்கு வைத்திருந்தார்கள். இரண்டு ஏக்கரையும் குத்தகைக்கு விட்டுவிட்டு, மாமனாரும் மாமியாரும் அரியலூருக்கு வந்து மாடி போர்ஷனில் இருந்துகொள்ள வேண்டும். ஆள்கூடப் பார்த்தாகிவிட்டது.

"மாமா, உங்களால காட்டுக்கே போக முடியல. அப்புறம் எதுக்கு வெள்ளாம?" என்று போனில் கேட்டார் தர்மராஜ்.

"எனக்கு வண்டி இருக்கு மாப்ள."

"அந்த பொம்மையா? அது உங்க வூட்டு வாசப்படிய தாண்டுமா?"

"அரியலூருக்கே ஓட்டிட்டு வருவேன்."

எதிர்முனையில் சிரிப்பு. பிறகு, "சரிங்க மாமா. வர்ற ஞாயித்துக்கிழம அதுலயே அரியலூருக்குள்ள வந்துடுங்க, குத்தகப் பேச்ச இதோட விட்டுடறேன். வரலேன்னா திங்கக்கிழம கையெழுத்து. சரியா?"

"சரி" என்றார். சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை.

புதன்கிழமை காலை நாசர் வீட்டு வாசலில் வண்டியை இறக்கி வைத்தார். நாசரின் மனைவி நஃபீசா டீ கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளருக்குள் பார்த்துவிட்டுக் குடித்தார்.

"பாய், ஏமாத்திப்புட்டீங்க. மேடு ஏறல."

"அல்லாஹ்வுக்குப் பொதுவா சொல்றேன் அண்ணே, என் மவன் ஏறுனான். அப்ப அவனுக்கு எட்டு வயசு. நீங்க எவ்வளவு எடை இருப்பீங்க?"

"நான் என்ன வெங்காயமா, எடை போட்டுப் பாக்க? வண்டிய வச்சிக்கிட்டு என் மூட்டைய குடுங்க."

"நஃபீசாவோட தம்பி ஹோட்டலுக்குப் போயிட்டுதே அண்ணே. இந்நேரம் பிரியாணில வெந்திருக்கும்." நாசர் கொஞ்சம் யோசித்தார். "வண்டில ஒரு குத்தமும் இல்ல. எஞ்சின் சின்னது, ஆளு பெருசு. ஆள மாத்த முடியாது. எஞ்சின மாத்தலாம்ல?"

விளையாட்டுக்குத்தான் சொன்னார். அமாவாசை டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

அவர் மனைவி தனம் இதைக் கேட்டதும் முறத்தை நகர்த்தி வைத்தாள்.

"சூடம் அணைச்சு சத்தியம் பண்ணது மறந்துபோச்சா?"

அது நாலு வருஷத்துக்கு முந்தின கதை. அப்போது அவரிடம் ஒரு எக்ஸெல் வண்டி இருந்தது. கண்ணில் புரை விழுந்த சமயத்தில் இரண்டு தடவை வண்டியோடு ஏரிக்குள் இறங்கியிருக்கிறார். ஏரியில் தண்ணீர் இல்லாததால் ஒரு பல்லோடு போனது. பெரம்பலூரில் கண் ஆபரேஷன் முடிந்து, இரண்டு நாள் கழித்துக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீடு திரும்பினார். வாசலில் வண்டி இல்லை.

"எவனோ தூக்கிட்டுப் போயிட்டாங்க" என்றாள் தனம். அழக்கூடச் செய்தாள்.

பெரம்பலூரில் ஒரு பழைய இரும்புக் கடை பாக்கியில்லாமல் ஏறி இறங்கிப் பார்த்தார். கிடைக்கவில்லை. கடைசியில் மாரியம்மன் கோயில் வாசலில் ஊர் ஆண்களைக் கூட்டினார். எடுக்கவில்லை என்றால் எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். தனம் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஒவ்வொருவராக வந்து அணைத்தார்கள். வேம்பு மட்டும், "என் வாய்ச்சொல்லு போதாதாய்யா? நான் ஏன் அணைக்கணும்?" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். திருடன் யார் என்று அமாவாசைக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து பேச்சு இல்லை. தனம் மட்டும் கறிக்குழம்பு வைத்தால் அந்த வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புவாள். அவள் மனசு அப்படி என்று இவர் விட்டுவிட்டார்.

மிச்சமிருந்த சூடத்தில் தனம் இவரையும் ஒரு சத்தியம் செய்யவைத்தாள்: இனிமேல் பெரிய வண்டியைத் தொடுவதில்லை. அணைத்தார். உலகத்தில் அவர் நம்புகிற ஆள் தனம் ஒருத்திதான். அதனால் மறு பேச்சுப் பேசவில்லை.

"பெரிய வண்டியத்தானே தொடமாட்டேன்னேன். இது சின்ன வண்டி" என்றார் இப்போது.

"பெரிய எஞ்சின் போடப் போறேங்கறீங்களே."

"எஞ்சினப் பத்தி சத்தியத்துல ஒண்ணும் இல்ல."

தனம் முறத்தை மறுபடி இழுத்து வைத்துக்கொண்டாள்.

குன்னத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற அறிவரசன் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தான். சுற்றி வர இரண்டு எட்டுதான்.

"செய்யலாம் பெரியப்பா. எக்ஸெல் எஞ்சின் ஒண்ணு சிக்குனா போதும், கியர் தொல்லை இல்ல. ஃபிரேம கொஞ்சம் அறுத்து நீட்டணும். நான் அரியலூர்ல பழைய இரும்பு எடுக்கப் போறேன், பாத்துட்டு வரேன்."

கூட வந்திருந்த தனம் சட்டென்று குறுக்கே புகுந்தாள். "அரியலூர் வேணாம்பா. அங்க எல்லாம் ஏமாத்துக்காரப் பயலுவோ. பெரம்பலூர்ல பாரு."

"பெரம்பலூர்ல போன வாரமே வேற ஒருத்தருக்காகக் கேட்டுட்டேன் பெரியம்மா, இல்ல."

"இல்லேன்னா விட்டுடு. கிடைக்காத பொருள எதுக்குத் தேடணும்?"

அமாவாசைக்கு அது சரியான பேச்சாகத்தான் பட்டது. அரியலூர்க்காரர்கள் ஏமாற்றுகிறவர்கள் என்று அவருக்கும் ஒரு எண்ணம் உண்டு. மாப்பிள்ளை அந்த ஊர்தானே. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு நாள்தான் இருந்தது. "எடுத்துட்டு வா. வந்ததும் நான் அக்குவேறா பிரிச்சுப் பாத்துடுவேன்" என்று சொல்லி அனுப்பினார்.

வியாழக்கிழமை சாக்கில் சுற்றி எஞ்சின் வந்தது. சாக்கை விலக்கினதும் தனம் பட்டறை முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வெயில் என்றாள். சோடா வாங்கிக் கொடுத்தார்கள்.

அமாவாசை எஞ்சினைப் பிரித்தார். பிரிக்கப் பிரிக்கக் கோபம் வந்தது.

"இத வச்சிருந்தவன் மனுசனே இல்லடா. இங்க பாரு, ஓட்டைய சவுக்கார சோப்பு வச்சு அடைச்சிருக்கான்."

"ஆமா பெரியப்பா."

"கார்ப்பரேட்டர்ல பாரு. வெளக்கமாத்து ஈர்க்க விட்டுக் குத்தியிருக்கான் முட்டாப் பய. முறிஞ்சு உள்ளயே கெடக்கு. ஸ்பிரிங்குக்குப் பதிலா என்ன கட்டியிருக்கான் தெரியுமா? வெங்காயச் சாக்குச் சணலு. மேல பூரா சந்தனமும் குங்குமமும். ஆயுதபூசைக்குப் பொட்டு வைக்கத் தெரிஞ்சிருக்கு, ஆயில் மாத்தத் தெரியல."

"இந்த காலத்து ஆளுங்க அப்படித்தான்."

"என்கிட்டயும் இதே மாதிரி எஞ்சின்தான் இருந்துச்சு. நான் எப்படி வச்சிருந்தேன் தெரியுமா? புள்ள மாதிரி." அண்ணாந்து பார்த்தார். "அவன் மட்டும் என் கையில கிடைச்சான், நிக்க வச்சு நாலு வார்த்தை கேக்காம விடமாட்டேன். நீ யார்ட்ட வாங்குன?"

"அரியலூர் எல்லையில பாலாஜி கடை பெரியப்பா."

தனம் சோடாவைக் கீழே வைத்தாள். "போனவன் போயிட்டான். யாருன்னு தெரிஞ்சு என்ன ஆவப் போவுது உங்களுக்கு?"

"தெரியணும்" என்றார் அமாவாசை.

எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, திரும்பப் பூட்டும்போது பெட்ரோல் டேங்கில் கொஞ்சம் கசிந்தது. "தனம், அந்த சவுக்காரத் துண்ட எடு" என்றார். கார்ப்பரேட்டரில் ஏதோ அடைத்தது. "வெளக்கமாத்துல ஒரு ஈர்க்கு உருவிக் கொண்டா." ஸ்பிரிங் ஒன்று நிற்கவில்லை. நல்ல சணலாகப் பார்த்துக் கட்டினார்.

"முன்ன இருந்தவனும் இதத்தானே பெரியப்பா செஞ்சிருந்தான்?" என்றான் அறிவரசன்.

"அவன் கட்டுனது வேற. நான் கட்டுறது வேற."

வெள்ளிக்கிழமை சாயந்திரம் வண்டி தயார். முன்பாதி சிவப்பாகப் பொம்மை மாதிரியும், பின்பாதி கறுப்பாக ஆட்டுக்கல் மாதிரியும் இருந்தது. ஊர் கூடிவிட்டது. அமாவாசை உட்கார்ந்தார், உதைத்தார், திருகினார். முன்சக்கரம் வானத்தைப் பார்த்து எழுந்தது. அவர் மல்லாக்க விழுந்தார். வண்டி கொஞ்ச தூரம் தனியாகப் போய் ஒரு வைக்கோல் போரில் செருகிக்கொண்டது.

கூட்டத்தின் பின்னால் வேம்பு யாரிடமோ சொன்னார்: "இழுவ இருக்குய்யா. இல்லேன்னு சொல்லக் கூடாது."

"முன்னாடி கனம் பத்தல" என்றான் அறிவரசன்.

அமாவாசை எழுந்து நேரே வீட்டுக்குப் போனார். தனத்தின் அம்மிக்குழவியைத் தூக்கிவந்து, வெங்காயப் பைக்குள் போட்டு ஹேண்டில்பாருக்கு முன்னால் இறுக்கிக் கட்டினார். இப்போது முன்சக்கரம் தரையிலேயே இருந்தது. ஆனால் குழவியின் கனத்துக்குப் பிரேக் பிடிக்கவில்லை. பிரேக்கை இறுக்கினான் அறிவரசன். பிரேக் கம்பி அறுந்தது. பின்பிரேக்கைச் சரிசெய்யப் போனபோது ஆக்சிலேட்டர் வயரில் சிக்கு விழுந்து, திருகின கை பழைய இடத்துக்குத் திரும்பாமல் போனது. ஒவ்வொன்றாகச் சரிசெய்ததில், சனிக்கிழமை பொழுது சாயும்போது வண்டியின் லட்சணம் இதுதான்: கிளப்பலாம், ஓட்டலாம், நிறுத்த முடியாது.

"நிறுத்த ஒரு வழி இருக்கு" என்றார் அமாவாசை. "பெட்ரோல் குழாய மூடிட்டா, உள்ள இருக்கறது தீர்ற வரைக்கும்தானே ஓடும்?"

ஏரிக்கரையில் ஓட்டிப் பார்த்தார்கள். குழாயை மூடினால் சரியாக இரண்டு பர்லாங், அதாவது கால் மைல் தூரம் போய் நின்றது. மேட்டை ஒரே மூச்சில் தாண்டியது. பசுவோடு நின்றிருந்த வேம்புவைக் கடந்தபோது அமாவாசை வண்டியின் குழவியைப் பார்த்துச் சொன்னார்: "இப்ப சொல்லச் சொல்லு."

"நிறுத்த முடியாத வண்டிய ஓட்டிட்டுப் போவாதீங்க" என்று இரவு சோறு போடும்போது தனம் சொன்னாள். "அரியலூர் ரோட்டுல சுண்ணாம்புக்கல் லாரி எப்படி வருதுன்னு தெரியும்ல. நெலம் போனா போவுது. உங்களுக்கு ஒண்ணுன்னா நான் என்ன செய்வேன்?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "மாடி போர்ஷன்ல உக்காந்து நான் என்ன செய்வேன்?" என்றார்.

அவள் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, குழவிக்கு ஒரு பொட்டு வைத்து, அமாவாசை கிளம்பினார். முட்டி இரண்டும் காது உயரத்துக்கு இருந்தன. அரியலூர் ரோட்டில் ஏறினதும் ஒரு லாரி பக்கவாட்டில் வந்தது.

"அண்ணே, சத்தம் வருது, வண்டியக் காணும்" என்றான் கிளீனர்.

"குனிஞ்சு பாருடா" என்றார் டிரைவர்.

கிளீனர் ஜன்னல் வழியே இடுப்பு வரைக்கும் வெளியே தொங்கிப் பார்த்தான். பிறகு, "ஒரு பெரியவரு அம்மிக்குழவிய டபுள்ஸ் வச்சிட்டுப் போறாருண்ணே" என்றான்.

பின்னால் டவுன் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. ஒதுங்கினால் மண்ணில் சறுக்கும் என்று அமாவாசை நடு ரோட்டை விடவில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகப் போனை நீட்டிப் படம் பிடித்தார்கள். டிரைவருக்குப் பின்சீட்டில் தனம் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தாள முந்தாதீங்க தம்பி. இப்படியே பின்னாடியே போங்க. புண்ணியமாப் போவும்."

"முந்த எங்கம்மா வழி விடுறாரு?"

ரோட்டோரம் டீக்கடை வந்தது. குடிக்கலாம்போல் இருந்தது; ஆனால் குழாயை மூட வேண்டிய இடம் இரண்டு பர்லாங்குக்கு முன்னாலேயே போய்விட்டிருந்தது. டீக்கடைக்காரர் கையைத் தூக்கினார். இவரும் தூக்கினார். கையை எடுத்ததில் குழவி இடப்பக்கம் சாய்ந்து, வண்டி ஒரு ஆட்டு மந்தைக்குள் ஒருபக்கம் புகுந்து மறுபக்கம் வெளியே வந்தது. ஆடு ஒன்றும் குறையவில்லை. கணுக்காலில் சைலன்சர் சுட்டது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். இருக்கிற பற்கள் அதற்குப் போதும்.

மகள் வீடு ஊருக்குள்ளே. அதற்கு எங்கே மூட வேண்டும் என்று மனசுக்குள் அளந்துகொண்டே போய், எதற்கும் இருக்கட்டும் என்று முன்கூட்டியே குழாயை மூடினார். வண்டி விக்கியது, இருமியது, அரியலூர் பெயர்ப் பலகையைத் தாண்டியது, ஒரு பழைய இரும்புக் கடை வாசலில் ஒரு பழைய பீரோவில் மெல்ல முட்டி நின்றது.

கடைக்காரர் எழுந்து வந்தார். நாற்பது வயது, தடிமனான கண்ணாடி.

"தம்பி, இது அரியலூர்தானே?"

"ஆமாங்கய்யா. போர்டு அந்தாண்ட இருக்கு பாருங்க."

அமாவாசை மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். "வந்துட்டேன் மாப்ள."

"எங்க, சும்மா சொல்லாதீங்க. பக்கத்துல யாரு இருக்கா, அவங்கள்ட்ட குடுங்க."

கடைக்காரர் போனை வாங்கினார். "ஆமா சார். பாலாஜி பழைய இரும்புக் கடைலேருந்து பேசறேன். குட்டி வண்டிதான். ஆமா, முன்னாடி ஏதோ குழவி தொங்குது. இல்ல சார், யாரும் தள்ளிட்டு வரல, ஓட்டிக்கிட்டுதான் வந்தாரு, என் பீரோவ இடிச்சிட்டாரு."

போன் திரும்பி வந்தது. இந்தத் தடவை தர்மராஜ் சிரிக்கவில்லை. "சரிங்க மாமா. வர்ற ஆளுகிட்ட வேணாம்னு சொல்லிடறேன். நீங்க வெங்காயத்த நடுங்க."

அமாவாசை போனை மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டார். இரண்டு ஏக்கரும் கையில் தங்கிவிட்டது. பீரோவில் சாய்ந்துகொண்டு துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். துடைக்கும்போதுதான் கடையின் பெயர் மனசில் உறைத்தது.

"பாலாஜி நீதானா? குன்னத்து அறிவரசன் எஞ்சின் எடுத்தது உன்கிட்டயா?"

பாலாஜி குனிந்து எஞ்சினைப் பார்த்தார். "ஆமாங்கய்யா, நம்ம கடை எஞ்சின்தான். மத்ததெல்லாம் அறுத்தாச்சு. இது மட்டும் நாலு வருசமா மூலையில கெடந்துச்சு. நல்லா இழுக்குதுங்களா?"

"இழுக்குது. ஆனா இத வச்சிருந்தவன் இருக்கானே, அவன மாதிரி ஒரு மடையன நான் பாத்ததில்ல. எஞ்சினா இது, குப்பக்குழி. சவுக்காரமும் சணலும். அவன் யாரு, எந்த ஊரு? சொல்லு. நான் அவன நேர்ல பாக்கணும்."

நடுவில் ஆள் ஏற்ற நின்று பிந்திப்போன டவுன் பஸ் அந்த நேரம் வந்து நின்றது. தனம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். அவர் உயிரோடு நிற்பதைப் பார்த்ததும் கும்பிட்டாள். அவர் பக்கத்தில் நிற்பது யார் என்று பார்த்ததும் கும்பிட்ட கை அப்படியே நின்றது.

பாலாஜி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பஸ் பக்கம் பார்த்தார்.

"எந்த ஊருன்னு தெரியலீங்கய்யா. ஆனா இந்தா பஸ்ஸ விட்டு எறங்குறாங்களே, இந்த அக்காதான் முழு வண்டியா லோடு ஆட்டோவுல ஏத்திட்டு வந்தாங்க. 'எங்க வூட்டுக்காரரு கண்ணாபரேசன்லேருந்து வர்றதுக்குள்ள அறுத்துடுங்க'ன்னு பக்கத்துலயே நின்னாங்க."

அமாவாசை தனத்தைப் பார்த்தார். தனம் தரையைப் பார்த்தாள். அவர் பாலாஜியைப் பார்த்தார். மேலும் கீழும், வெகு நேரம், ஒரு பொய்க்காரனைப் பார்க்கிற பார்வையாகப் பார்த்தார்.

"நீ வேம்புக்கு ஏதும் சொந்தமா?" என்று கேட்டார்.

பதிலுக்கு நிற்கவில்லை. பையை அவிழ்த்துக் குழவியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார். வண்டியை அப்படியே விட்டுவிட்டு, "வா தனம், இவனுங்கள நம்பி பேச்சுக் குடுக்காத" என்று சொல்லிக்கொண்டே மகள் வீட்டுப் பக்கம் நடந்தார்.